போர்மட் அடித்தால் தீராத நோய்: வேகம் கூட்டிய கொம்பியூட்டரும் எங்கள் ஊர் வைத்தியமும்

எங்கள் ஊரில் ஒரு கொம்பியூட்டர் அடிக்கடி நின்று போனால் அதற்கு மூன்று வைத்தியம் இருக்கிறது. முதலாவது, "வைரஸ்" என்று சொல்லி போர்மட் அடிப்பது. இரண்டாவது, "விண்டோஸ் சரியில்லை" என்று சொல்லி இன்னொரு முறை போர்மட் அடிப்பது. மூன்றாவது, "விஜிஏ போய்ட்டு" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை விற்பது. மூன்றும் முடிந்த பிறகும் நீலத் திரை வந்தால், "கரண்ட் சரியில்லை தம்பி" என்று மின்சார சபையின் தலையில் போட்டுவிடுகிறோம்.

நோயைப் பார்க்காமல் மருந்து கொடுக்கிற வேலை இது. இதை நிறுத்தச் சொல்லித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் வீட்டில் "கேமிங் பிசி" வைத்திருக்கும் பிள்ளைகளும், அதற்குக் காசு கொடுத்த வாப்பாமாரும், வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கும் தம்பிமாரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் விசயம் என்ன என்று விளங்கிக்கொள்வோம்.

புரொசஸரையும் ரேமையும் கம்பனி உறுதி சொன்ன வேகத்தை விடக் கூடுதலான வேகத்தில் ஓட வைப்பதுதான் ஓவர்குளொக். இதைச் செய்பவர் நான்தான் என்று தெரிந்து செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கள் ஊரில் இருக்கும் பெரும்பாலான ஓவர்குளொக் அப்படிப்பட்டதல்ல. பயோஸுக்குள் "எக்ஸ்எம்பி" அல்லது "எக்ஸ்போ" என்று ஒரு வரி இருக்கும். அதை ஒன் பண்ணினால் ரேம், பெட்டியில் அச்சடித்த வேகத்துக்குப் போகும். கடையில் ஒன் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவருக்கு ஒன்றும் தெரியாது.

"எக்ஸ்எம்பி ஓவர்குளொக் இல்லையே, அது ரேம் கம்பனி தந்த செட்டிங்தானே" என்று உடனே ஒரு பதில் வரும். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. ரேம் கம்பனி ரேமுக்குத்தான் உறுதி சொல்கிறது. ரேமோடு பேசுகிற மெமரி கொன்ட்ரோலர் இருப்பது புரொசஸருக்குள். ரைசன் 5 5600 என்ற புரொசஸருக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச ரேம் வேகம் 3200. நீங்கள் 3600 ரேம் வாங்கி எக்ஸ்எம்பி போட்டால் ரேம் தன் எல்லைக்குள் நிற்கிறது, புரொசஸர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. டிடிஆர்4 ரேமுக்குப் பொது நியமத்தின்படி 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35 வோல்ட். தனது நியமத்துக்கு வெளியே வேகத்தையோ வோல்ட்டேஜையோ மாற்றினால் அது வொரன்டிக்குள் வராது என்று ஏஎம்டி தன் குறிப்புகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் தந்த மென்பொருளால் மாற்றினாலும் அதே கதிதான். இன்டெலும் எக்ஸ்எம்பியை ஓவர்குளொக் கணக்கில்தான் வைக்கிறது.

நான்கு ரேம் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேம் என்றால் உத்தியோகபூர்வ வேகம் 5200. நான்கு ஸ்லொட்டையும் நிரப்பினால் 3600 மட்டும்தான். ஆனால் "இன்னும் ரெண்டு போடுங்க, 64 ஜிபி ஆக்கிரலாம்" என்று சொல்லி, 6000 எக்ஸ்போவையும் ஒன் பண்ணிக் கொடுக்கிறார்கள். அது ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் வைரஸ்!

எங்களிடம் படிக்கும் ஒரு மாணவனின் வாப்பா ஐந்து மாதத்தில் நான்கு முறை போர்மட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழைய கதை. போய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு வேறு வேறு கம்பனி ரேம். ஒன்று மெசினோடு வந்தது, மற்றது பிறகு வாங்கியது. எக்ஸ்எம்பி 3600 இல் நிற்கிறது. பயோஸை டிஃபோல்ட்டுக்குக் கொண்டு வந்ததோடு நீலத் திரை நின்றது. செலவு பூச்சியம், நேரம் இரண்டு நிமிடம். நான்கு முறை காசு வாங்கியவர்களில் ஒருவராவது பயோஸைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை. மைக்ரோசொஃப்டில் வேலை செய்யும் ரேமண்ட் சென் 2005 இல் ஒரு விசயம் எழுதினார். அவருடைய சக ஊழியர் ஒருவர், விண்டோஸ் நின்று போகும்போது அனுப்பப்படும் அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றில், தவறவே முடியாத ஒரு சாதாரண கட்டளையில் கணினி நின்றிருந்தது. உரியவர்களிடம் விசாரித்தபோதுதான் அவை ஓவர்குளொக் செய்யப்பட்டவை என்று தெரிய வந்தது. அவர்களில் சிலருக்குத் தங்கள் மெசின் ஓவர்குளொக் ஆகியிருப்பதே தெரியாது. விற்ற சின்னக் கடை சொல்லாமல் செய்து கொடுத்திருந்தது. 2005 இல் அமெரிக்காவில் நடந்ததுதான் இன்று எங்கள் பஸாரில் நடக்கிறது. 2011 இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து இலட்சம் சாதாரணப் பாவனையாளர்களின் கணினிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஓவர்குளொக் செய்த மெசின்கள் வன்பொருள் பிழையால் நின்று போவது மற்றவற்றை விட மிகக் கூடுதல் என்றும், ஒரு முறை அப்படி நின்ற மெசின் மறுபடியும் நிற்கும் வாய்ப்புப் பல மடங்கு என்றும் அவர்கள் கண்டார்கள்.

"நின்றால் திரும்பப் போட்டு எடுப்போம், அதில் என்ன?" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். நிற்பது பெரிய ஆபத்தே இல்லை. நிற்காமல் பிழையோடு ஓடுவதுதான் ஆபத்து.

வீட்டுக் கணினிகளில் நாம் போடும் ரேமுக்குப் பெரும்பாலும் பிழை திருத்தும் வசதி கிடையாது. டிடிஆர்5 இல் இருப்பதும் சிப்புக்கு உள்ளே மட்டும்தான். வழியில் வரும் பிழையை அது பிடிக்காது. ஆகவே ரேம் ஓர் எண்ணைத் தவறாகத் திருப்பிக் கொடுத்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த எண் விளையாட்டில் ஒரு நிறமாக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. விண்டோஸின் ஒரு ஃபைலாக இருந்தால் நாளைக்கு நீலத் திரை. ஒரு கல்யாண வீட்டின் போட்டோ கொப்பியாகும்போது அந்த எண் அதற்குள் இருந்தால், ஆல்பம் அச்சடிக்கிற அன்று பாதிப் படம் சாம்பல் நிறமாக வரும். பிள்ளையின் பல்கலைக்கழக ஆய்வாக இருந்தால் "ஃபைல் பழுதாகிவிட்டது, திறக்க முடியாது" என்று வரும். கெமராவின் மெமரி கார்டையும் அழித்துவிட்ட பிறகு அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்? மற்றவரின் படங்களும் ஆவணங்களும் எங்கள் கையில் இருக்கும் அமானிதம். அதைச் சோதிக்காத வேகத்தில் ஓட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று. இதனால்தான் ஓவர்குளொக் சந்தேகம் உள்ள மெசினுக்கு முதல் வைத்தியமாக போர்மட் அடிப்பது தவறு என்கிறோம். பிழை விடும் ரேமின் வழியாகத்தான் புதிய விண்டோஸும் டிஸ்குக்குப் போகிறது. அது பிறக்கும்போதே ஊனமாகப் பிறக்கலாம். ஒரு கிழமையில் பழைய கதை திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் வன்பொருளை உறுதி செய்யுங்கள். அதன் பிறகு தேவை என்றால் விண்டோஸ் போடுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

புரொசஸர் பக்கமும் பாடம் இருக்கிறது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசஸர்களின் கதையை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டைத் திறக்கும்போது "வீடியோ மெமரி போதாது" என்று செய்தி வந்தது. உலகம் முழுக்க ஆட்கள் விஜிஏ கார்டைச் சந்தேகித்தார்கள். பிழை இருந்தது புரொசஸரில். மதர்போர்ட் கம்பனிகள் பல, வேகப் போட்டியில் நல்ல புள்ளி எடுப்பதற்காக, மின்வலு எல்லையைத் திறந்துவிட்டே பயோஸை அனுப்பியிருந்தன. 253 வாட் என்று இன்டெல் சொன்ன இடத்தில் எல்லையே இல்லாதது போன்ற இலக்கம் போடப்பட்டிருந்தது. அத்தோடு இன்டெலின் சொந்த மைக்ரோகோடும் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது என்று 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, வொரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்துபோன புரொசஸரை அந்தத் திருத்தம் குணமாக்காது. இனித் தேயாமல் காக்கத்தான் அது.

2023 இல் ஏஎம்டி பக்கமும் இப்படி ஒன்று நடந்தது. ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற புரொசஸர்கள் சில, சொக்கெட்டோடு கருகிப் போயின. எக்ஸ்போ ஒன் பண்ணும்போது சில மதர்போர்ட்கள் எஸ்ஓசி வோல்ட்டேஜைத் தாங்களாகவே உயர்த்தின. பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட்டைத் தாண்ட முடியாதபடி பயோஸில் எல்லை போட்டது.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியது என்ன? "ஓட்டோ" என்று போட்டிருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. செகண்ட் ஹேண்ட் புரொசஸர் வாங்கும்போது "எந்த பயோஸில் ஓடியது" என்று கேட்க வேண்டும். பயோஸ் அப்டேட் செய்யாத மெசினை "டொப் கண்டிஷன்" என்று விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர் முகத்தைப் பாருங்கள்.

இனி, உங்கள் மெசின் நின்று நின்று போகிறது என்றால் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறோம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று ஒருநாளும் தெரியாது.

1. பயோஸுக்குள் போய் டிஃபோல்ட் செட்டிங்கை ஏற்றுங்கள். பயோஸே திறக்கவில்லை என்றால், கரண்ட்டைக் கழற்றி, சிமோஸ் ஜம்பரால் அல்லது அந்த வட்டமான சிஆர்2032 பெட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்து அழிக்கலாம். அதன் பிறகுதான் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்குக்குக் கொப்பி பண்ணுங்கள். பிழை விடும் நிலையில் கொப்பி எடுத்தால் கொப்பியும் பழுதாகலாம்.

2. டிஃபோல்ட்டிலேயே மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்ற கதை இங்கே செல்லாது. பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுச் சோதியுங்கள். ஒரு ரேம் எந்த ஸ்லொட்டிலும் பிழை விட்டால் ரேம் பழுது. எல்லா ரேமும் ஒரே ஸ்லொட்டில் மட்டும் பிழை விட்டால் அந்த ஸ்லொட்டையோ சொக்கெட்டையோ பாருங்கள்.

3. டிஃபோல்ட்டில் ரேம் சுத்தம், ஆனாலும் மெசின் நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஓவர்குளொக் காரணமில்லை. பவர் சப்ளை, சூடு, டிஸ்க், டிரைவர் என்று தேடுங்கள். மலிவான பவர் சப்ளையும் இதே மாதிரிக் குணம்தான் காட்டும்.

4. டிஃபோல்ட்டில் எல்லாம் சரி என்றால் இப்போது எக்ஸ்எம்பியை மட்டும் ஒன் பண்ணி மறுபடியும் சோதியுங்கள். மெம்டெஸ்ட் மட்டும் போதாது. விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடியின் மெமரி சோதனையை ஓட்டுங்கள். பிழை வந்தால் வோல்ட்டேஜைக் கூட்டுவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள். 3600 இல் நிற்காதது 3400 இல் அல்லது 3200 இல் நிற்கும். இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான மதர்போர்டில் புரொசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டில் இருக்க வேண்டும். முதலாம், மூன்றாம் ஸ்லொட்டில் போட்டுவிட்டு "எக்ஸ்எம்பி வேலை செய்யவில்லை" என்கிறோம்.

5. புரொசஸரைத் தனியாகச் சோதியுங்கள். ரேமை டிஃபோல்ட்டில் வைத்து, பிரைம்95 இன் சிறிய எஃப்எஃப்டி சோதனையை ஓட்டுங்கள். வெப்பநிலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டும் தனித்தனியே தேறிய பிறகு ஒன்றாக வைத்துச் சோதியுங்கள். தனியே நிற்பது சேர்ந்து விழுவதும் உண்டு.

6. முழு வேலையில் நிற்காத மெசின், சும்மா இருக்கும்போது நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். ரைசனில் கேர்வ் ஒப்டிமைசரால் வோல்ட்டேஜைக் குறைத்தவர்களுக்கு இப்படித்தான் வரும். வேலை குறையும்போது ஒரு கோர் தனியாக உச்ச வேகத்துக்குப் பாயும், அந்த வேகத்துக்கு வோல்ட்டேஜ் போதாது. கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும்.

7. ஈவன்ட் வியூவரைத் திறந்து "டபிள்யூஎச்ஈஏ லொகர்" என்று இருக்கிறதா பாருங்கள். 19 என்ற இலக்கம், பிழை வந்தது, திருத்திக்கொண்டோம் என்பது. 18 என்றால் திருத்த முடியவில்லை. மெசின் நிற்காவிட்டாலும் 19 தொடர்ந்து வந்தால் அது உறுதியான மெசின் இல்லை.

8. சோதனையை இரவில், பெட்டியின் மூடியைக் கழற்றி, ஃபேனை முகத்துக்கு நேரே பிடித்துச் செய்யாதீர்கள். மூடியைப் பூட்டி, லுஹருக்குப் பிந்திய வெயிலில், நீங்கள் பாவிக்கும் அறையிலேயே செய்யுங்கள். சூடு ஏற ஏற ரேம் பிழை விடத் தொடங்கும். குளிர் நாட்டு யூடியூபர் ஒருவரின் இலக்கங்களை அப்படியே பார்த்துப் போடுவதில் உள்ள தவறும் இதுதான். அவருடைய அறை வேறு, அவருடைய சிப்பும் வேறு. ஒரே மொடல் புரொசஸர் இரண்டு, ஒரே அளவுக்கு ஓவர்குளொக் ஆவதில்லை.

இனிக் கடைக்காரச் சகோதரர்களுக்கு. உங்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவது எங்கள் நோக்கமில்லை. 2022 க்குப் பிறகு டொலர் விலையில் சாமான் இறக்கி, வாடகை கட்டி, கடை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். எக்ஸ்எம்பி போடவே கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. 3600 என்று காசு வாங்கிவிட்டு ரேமை 2133 இலோ 2666 இலோ விட்டுவிடுவதும் வாங்கியவரை ஏமாற்றுவதுதான். போடுங்கள், ஆனால் சோதித்துப் போடுங்கள். போட்டதைச் சொல்லுங்கள். விண்டோஸ் திறந்தது, பாட்டு ஓடியது என்பது சோதனை ஆகாது. தராசைச் சரிபார்க்காமல் நிறுத்துக் கொடுக்கிற கடையில் நீங்கள் அரிசி வாங்குவீர்களா?

"ஒவ்வொரு மெசினையும் இரவு முழுக்கச் சோதித்தால் வியாபாரம் செய்ய முடியாது" என்கிறீர்கள். கடை பூட்டும்போது ஓட விட்டுப் போனால் காலையில் முடிவு திரையில் இருக்கும். யாரும் விழித்திருக்கத் தேவையில்லை. ஒரு மெசின் திரும்பி வந்தால் உங்களுக்கு ஒரு நாள் வீண், ஒரு வாடிக்கையாளர் வீண். அந்த மின்சாரச் செலவை விட இது பெரிய நட்டம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். "எவ்வளவு ஸ்பீட்?" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் ஸ்பீடைத்தான் காட்டுவார். பில்லோடு மூன்று விசயத்தை எழுதிக் கேளுங்கள். ரேம் இப்போது எந்த வேகத்தில், எந்த வோல்ட்டேஜில் ஓடுகிறது? புரொசஸரில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா? எதனால், எத்தனை மணித்தியாலம் சோதித்தீர்கள்? மெம்டெஸ்ட் முடிவைப் போனில் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஊரில் பத்துப் பேர் கேட்டால் போதும், பதினோராவது ஆளுக்குக் கடையிலேயே தாளில் அடித்து வைத்திருப்பார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குக் கடைசியாக. வேகத்தை ஆசைப்படுவது பிழையில்லை. பயோஸைத் திறந்து, ஒரு இலக்கத்தை மாற்றி, என்ன நடக்கிறது என்று பார்க்கும் பிள்ளை புத்தகத்தில் இல்லாததைப் படிக்கிறது. அதைத் தடுக்க வேண்டாம் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் இலக்கம் உங்கள் வேகம் ஆகாது. எட்டு மணித்தியாலம் ஒரு பிழையும் இல்லாமல் நின்ற இலக்கம்தான் உங்களுடையது. மற்றதெல்லாம் இரவல். வீட்டுக்கு ஒரே ஒரு மெசின்தான், அதில்தான் தங்கச்சியின் படிப்பும் உம்மாவின் தையல் டிசைனும் இருக்கிறது என்றால், டிஃபோல்ட்டில் விட்டுவிடுங்கள். எழுதுவதற்கும், படிப்பதற்கும், ஸூம் வகுப்புக்கும் 3200 க்கும் 3600 க்கும் இடையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை நீலத் திரை வந்தால் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் பயோஸைத் திறந்து டிஃபோல்ட் போடுங்கள், ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள். நோய் தீர்ந்தால் காசு மிச்சம். தீராவிட்டால், "டிஃபோல்ட்டிலும் நிற்கிறது" என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு அவரால் "வைரஸ்" என்று சொல்ல முடியாது.